அன்மையும் இன்மையும்: ‘புரஹந்த களுவர’ திரைப்படத்தில் மரணச் செய்தியின் மொழி

இலங்கையின் உள்நாட்டுப் போர் (1983-2009) சிங்களத் திரைப்படத்தில் பல வகைகளில் பதிவாகியுள்ளது. அப்பதிவுகளுள் பிரசன்ன விதானகே இயக்கிய ‘புரஹந்த களுவர’ (1997) தனித்து நிற்கிறது. போர்க்களம் அதில் காட்டப்படவில்லை, எதிரி காட்டப்படவில்லை, இறந்தவன் எனப்படுபவனின் உடலும் காட்டப்படவில்லை. காட்டப்படுவது ஒரு செய்தியும், அச்செய்தியை ஏற்க மறுக்கும் ஒரு முதியவரும் மட்டுமே. இப்படத்தைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் அதன் போரெதிர்ப்பையும் காட்சியமைப்பையும் பேசியுள்ளன. படத்தின் மையச் சிக்கல் மொழி சார்ந்தது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ஒருவர் இறந்தார் என்பதை யார், எந்தச் சொல்லால், எந்த அதிகாரத்தோடு கூறுகிறார் என்ற வினாவே இதன் கதை. அந்த வினாவைத் தமிழில் எழுப்ப முயலும் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் படத்தைப் புரிந்துகொள்ளும் வழியாகவும் அமைகின்றன.

கதை சுருக்கமானது. உலர்வலயச் சிற்றூர் ஒன்றில் கண்பார்வையற்ற வன்னிஹாமி வாழ்கிறார். அவருடைய மகன் பண்டார இராணுவத்தில் சேர்ந்தவன். வறுமை அவனை அங்கே கொண்டு சேர்த்தது. ஒருநாள் முத்திரையிடப்பட்ட சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது. திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு வந்த அப்பெட்டி அடக்கம் செய்யப்படுகிறது. ஊர் அழுகிறது, மகள் சுனந்தா அழுகிறாள், தந்தை நம்பவில்லை. இழப்பீட்டுத் தொகைக்கான படிவத்துக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். அத்தொகை வந்தால் குடும்பத்தின் கடன்களும் கடமைகளும் தீரும். அவர் ஒப்பமறுக்கிறார். இறுதியில் புதைகுழி தோண்டப்பட்டுப் பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே கற்களும் வாழைமரத் துண்டுகளுமே இருக்கின்றன.

வன்னிஹாமியின் குருட்டுத்தன்மையைப் பலர் குறியீடாகக் கொண்டு, பார்வையற்றவரே உண்மையைக் கண்டார் என முடிப்பர். இது எளிய முடிவு. படத்தின் கூர்மையை மழுக்கும் முடிவும் ஆகும். முத்திரையிட்ட பெட்டியின்முன் ஊரார் அனைவரும் ஒருபோலவே பார்வையற்றவர்கள். கண்ணுடையோர் கண்டதும் பெட்டியின் வெளிப்புறத்தையே. அவர்களுக்கும் முதியவருக்கும் உள்ள வேறுபாடு சான்று பற்றியது. அவர்கள் கேட்டதைக் கண்டதாக எண்ணிக்கொண்டனர். வாழ்நாள் முழுவதும் கேள்வியையும் தொடுதலையுமே சார்ந்து வாழ்ந்தவர் கேள்வியின் எல்லையை அறிந்திருந்தார்.

பேச்சுச் சிங்களத்தில் பிறர்வாய்க் கேட்ட செய்தியைக் குறிக்க ‘லு’ என்னும் இடைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் சேர்க்கப்படுகிறது. தமிழில் ‘செத்தானாம்’, ‘வந்தாளாம்’ என்பவற்றில் வரும் ‘ஆம்’ இதற்கு நேர் இணை. ‘கியனவா’ (சொல்லுதல்) என்னும் வினையிலிருந்து பிறந்து மேற்கோளை இணைக்கும் ‘கியலா’ என்பதும் தமிழின் ‘என்று’ போலவே தொழிற்படுகிறது. இந்தோ-ஆரிய மொழியாகிய சிங்களம் நெடுங்காலம் திராவிட மொழிச் சூழலில் வாழ்ந்ததை இத்தகைய தொடரமைப்பு ஒற்றுமைகள் புலப்படுத்துகின்றன. இங்கு நோக்கத்தக்கது அவ்வரலாறன்று. பேசுவோன் தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் ஒரு சிற்றுருபால் வேறுபடுத்தும் வசதி இரு மொழிகளுக்கும் உண்டு என்பதே. பெட்டி வந்த கணத்தில் ஊரார் பேச்சில் இருந்திருக்க வேண்டிய அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. இறந்தானாம் என்பது இறந்தான் என்றாகிறது. வன்னிஹாமி செய்வதெல்லாம், உதிர்ந்த உருபை மீண்டும் வாக்கியத்தின் ஈற்றில் ஒட்டவைப்பதுதான்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 278ஆம் பாடல் நினைவுக்கு வரும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய அப்பாடலிலும் ஒரு முதியவளுக்கு மகனைப் பற்றிய செய்தி பலர் வாயிலாக வருகிறது. அவளும் கேட்டதை அப்படியே கொள்ளவில்லை. களம் சென்று கிடந்த உடல்களைப் புரட்டித் தன் மகனின் சிதைந்த உடலைத் தானே கண்டபின்னரே அவள் உள்ளம் அமைகிறது. மரபு இதனை உவகைக் கலுழ்ச்சி என்னும் துறையில் வைத்தது. கேள்வி, ஐயம், தேடல், காட்சி என்னும் நான்கு படிகளும் பாடலுக்கும் படத்துக்கும் பொது. ஆயின் பாடலில் அத்தாய் ஐயுறுவது மகனின் வீரத்தை. அவன் இறப்பை அன்று. களமும் அவளுக்குத் திறந்தே கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டுப் போர் தந்தைக்குக் களத்தைத் திறந்துவிடவில்லை. மூடிய பெட்டியை அனுப்பிவைத்தது. உடலைக் காணாதவருக்கு உவகையும் இல்லை, முழுமையான கலுழ்ச்சியும் இல்லை.

இனிப் படத்தின் மையமான எதிர்மறைக்கு வரலாம். தமிழ் இலக்கணம் இன்மையையும் அன்மையையும் வேறுபடுத்துகிறது. ‘மகன் இல்லை’ என்பது இருப்பை மறுப்பது; ‘மகன் அல்லன்’ என்பது ஒன்றன் அடையாளத்தை மறுப்பது. சிங்களப் பேச்சுமொழியும் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. இருப்பை மறுக்க ‘நெஹெ’, அடையாளத்தை மறுக்க ‘நெவெய்’ என இரு சொற்கள் அன்றாட வழக்கில் உயிரோடு உள்ளன. (தமிழெழுத்தில் எகரத்தால் இங்குக் குறிக்கப்படும் சில ஒலிகள், அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட சிங்கள உயிரைச் சுட்டும்.) இன்றைய தமிழ்ப் பேச்சிலோ இரண்டும் பெரும்பாலும் ‘இல்லை’யில் ஒடுங்கிவிட்டன. ‘மகன் வீட்டில் இல்லை’, ‘அது என் மகன் இல்லை’ என இரண்டிடத்தும் ஒரே சொல்லே வழங்குகிறது.

படத்தின் மோதல் முழுவதும் இவ்விரு எதிர்மறைகளுக்கு இடையே நிகழ்வதாகக் கொள்ளலாம். ஊரும் அரசும் பேசுவது இன்மையை: பண்டார இல்லை. தந்தை பேசுவது அன்மையை: இது பண்டார அன்று. முன்னது உலகத்தைப் பற்றிய கூற்று; பின்னது ஒரு பெட்டியைப் பற்றிய கூற்று மட்டுமே. தந்தையின் கூற்று எவ்வளவு சிறியது, எவ்வளவு எச்சரிக்கையானது என்பதை மொழிபெயர்ப்பாளர் உணராவிட்டால், அவரை மகன்பாசத்தால் மதிமயங்கிய கிழவராகத் தமிழ்ப் பார்வையாளருக்குக் காட்டிவிடுவார். பேச்சு நடைக்கு ஏற்ப எல்லாவற்றையும் ‘இல்லை’ என்று பெயர்க்கும் துணைத்தலைப்பு இந்தப் பிழையை எளிதாகச் செய்யும். வழக்கிழந்துவரும் ‘அல்ல’வை இங்கு மீட்டெடுப்பது நடைச்செருக்கு ஆகாது, பொருள் அதை வேண்டி நிற்கிறது.

தமிழின் இலக்கணம் மேலும் ஒரு வலையை விரிக்கிறது. சிங்களத்தின் ‘நெவெய்’ திணை, பால், எண் காட்டாத சொல். செந்தமிழில் அவ்வாறு சொல்ல இயலாது. ‘இவன் என் மகன் அல்லன்’ என்றால் பெட்டிக்குள் வேறு யாரோ ஒருவன் இருக்கிறான் என ஒப்புக்கொண்டதாகிறது. ‘இது என் மகன் அன்று’ என்றால் உள்ளிருப்பது பிணமாகவும் இருக்கலாம், பொருளாகவும் இருக்கலாம். திறக்கப்படாத பெட்டியின் உள்ளீட்டுக்குத் திணை வகுக்குமாறு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயப்படுத்துகிறது. படத்தின் முடிவை அறிந்தவர் அஃறிணையையே தேர்வார். அறியாதவர்கூட, மனிதன் என்றும் பொருள் என்றும் முடிவுகட்டாத வடிவத்தையே நாடுவது நன்று.

இறத்தலைக் குறிக்கும் வினைகளும் இவ்வாறே தடுமாற்றம் தருவன. சிங்களத்தில் ‘மரனவா’ என்பது கொல்லுதல். ‘மெரெனவா’ என்பது சாதல். இரண்டும் ஒரே அடியின் இரு வடிவங்கள். செய்வோனின் விருப்பத்தோடு நிகழும் வினை, விருப்பமின்றித் தானே நிகழும் வினை என இரு வகையாகச் சிங்கள வினைகள் இயங்கும் முறைமையைச் சார்ந்தது இவ்விணை. உடைத்தலைக் குறிக்கும் ‘கடனவா’வும் உடைதலைக் குறிக்கும் ‘கெடெனவா’வும் அதே உறவுடையன. ஆகவே சிங்களத்தில் இறப்பு என்பது, சொல்லமைப்பின்படி, கொல்வோனின் பெயர் நீக்கப்பட்ட கொலை எனலாம். பேசுவோர் ஒவ்வொருமுறையும் இதனை எண்ணிப் பேசுவதில்லை. ஆயினும் இலக்கணத்தில் அக்கதவு திறந்தே உள்ளது. தமிழில் ‘சா’வும் ‘கொல்’லும் வேறுவேறு அடிகள். ‘மாய்தல்-மாய்த்தல்’ போன்ற தன்வினை, பிறவினை இணைகள் உண்டெனினும் அவை சிற்றூர்த் தந்தையின் வாய்க்கு ஒவ்வாதவை.

மூன்றாவது ஒரு வழக்கும் உண்டு. ‘நெத்தி வெனவா’ என்பதன் நேர்ப்பொருள் இல்லாமற்போதல். பொருள் தொலைந்தாலும் இதுவே சொல். மனிதர் இறந்தாலும் இடக்கரடக்கலாக இதுவே சொல். இச்சொல்லைக் கேட்பவர் தொலைந்தானா, இறந்தானா என்பதைச் சூழலால் முடிவுசெய்ய வேண்டும். தமிழில் ‘தவறிவிட்டார்’ என்பது இதற்கு அண்மையில் வரும். ஈழத்தில் வழங்கும் ‘மோசம் போனார்’ என்பதில் தொலைதற்பொருள் இல்லை. வன்னிஹாமியின் நிலையை ஒரே சொல்லில் கூறவேண்டுமாயின் சிங்களத்தின் இந்த இரட்டைப்பொருள் வழக்கே பொருத்தமானது. அவருக்கு மகன் ‘நெத்தி’. ஆனால் எப்பொருளில் என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இவ்விடத்தில் ஈழத்தமிழில் நிகழ்ந்த ஒரு சொற்போராட்டத்தை ஒப்புநோக்குவது தகும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகம் ‘காணாமற்போன’ ஆட்களைப் பற்றியதாகத் தமிழில் வழங்கப்பட்டது. 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்த உறவினர்கள் இச்சொல்லை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே அவர்கள் கூறினர். ‘போ’ என்னும் துணைவினைக்கும் ‘ஆக்கப்படு’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, மேலே கூறிய ‘மெரெனவா’வுக்கும் ‘மரனவா’வுக்கும் இடையே உள்ள தொலைவேயாகும். செய்வினைமுதல் ஒன்று உண்டு, அதன் பெயர் மறைக்கப்பட்டுள்ளது என்பதைச் செயப்பாட்டுவினை நினைவூட்டுகிறது. வினையின் வடிவத்தைப் பற்றிய இந்த வேறுபாட்டை இலக்கண நூல் படியாத தாய்மார் துல்லியமாக அறிந்திருந்தனர் என்பது மொழியியலார் சிந்திக்கத்தக்க செய்தி.

படிவத்தின் மொழி வேறு. சிங்களம் கடுமையான இரட்டை வழக்குடைய மொழி. எழுத்துச் சிங்களத்தில் வினைமுற்று இடம், எண், பால் இயைபு காட்டும். பேச்சுச் சிங்களத்தில் அவ்வியைபு இல்லை. ஜேம்ஸ் கெயர் முதலிய மொழியியலார் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அலுவலகச் சிங்களத்தில் ‘லபனவா’ (பெறுதல்) என்னும் துணைவினையால் அமையும் செயப்பாட்டு வடிவம் பெருவழக்கு. தமிழின் ‘தெரிவிக்கப்பெறுகிறது’ என்பதில் உள்ள ‘பெறு’வும் அதே பொருளுடைய துணைவினையாதல் வியப்புக்குரிய ஒற்றுமை. அறிவிப்பவர் யார் எனத் தெரியாது அறிவிப்பு மட்டும் வந்துசேரும் நடை இது. எழுத்து வழக்கு தனக்குரியதாக இல்லாத ஒருவரிடம், கண்ணால் படிக்கவும் இயலாத ஒருவரிடம், அவ்வழக்கில் எழுதிய படிவத்துக்கு ஒப்பம் கேட்கப்படுகிறது. அதன்கீழ் அவர் கையொப்பம் வீழுமானால், வந்த செய்தி அவருடைய சொந்தக் கூற்றாகிவிடும். மகன் இறந்தான் என்று அறிவித்தது இராணுவம்; இறந்தான் என்று உறுதிசெய்தவர் தந்தை என்றாகும். அவருடைய மறுப்பின் வேர் இங்கேதான் உள்ளது. பணத்தை இகழ்ந்து அவர் மறுக்கவில்லை. பிறர் வாக்கியத்துக்குத் தாம் எழுவாயாக அவர் உடன்படவில்லை.

வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரம (1927-2011) இத்தகைய மனிதரை முன்னரும் ஏற்று நடித்தவர். லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட ஆங்கில நாவலைத் தழுவி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘பெத்தேகம’ (1980) படத்தில் காட்டுவாசியான சிலிந்து அவரே. அங்கும் சட்டத்தின் மொழி ஏழையின் மொழிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சிலிந்து துப்பாக்கியை எடுத்தான். வன்னிஹாமி மண்வெட்டியை நாடுகிறார். நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்ற ஒருவர் இவ்விரு பாத்திரங்களிலும் குரலை எவ்வளவு தாழ்த்தி நடித்தார் என்பது தனியே ஆராயவேண்டிய பொருள்.

பின்னாளில், 2016இல், இலங்கைச் சட்டம் இறப்புச் சான்றிதழோடு மற்றொன்றையும் அனுமதித்தது: இறந்தார் என்று கூறாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ். வன்னிஹாமி வேண்டிய வாக்கியத்துக்கு மிக அண்மையில் வருவது இதுவே. படம் வெளியாகிப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவ்வாக்கியம் சட்டத்தில் இடம்பெற்றது.

சொல்லளவிலான இடர்ப்பாடுகள் பல. அவற்றுள் சிலவற்றையேனும் சுட்டுதல் வேண்டும். தலைப்பிலுள்ள ‘புரஹந்த’ நிறைமதி, ‘களுவர’ இருள். உலர்வலயக் காட்டில் வளரும் கருங்காலி மரத்துக்கும் ‘களுவர’ என்பதே பெயர். ஆங்கிலத் தலைப்பு முழுநிலா நாளில் நேர்ந்த மரணம் என்ற பொருளில் அமைந்து, மரணத்தை நடந்து முடிந்ததாக அறிவித்துவிடுகிறது. படம் முழுவதும் ஐயுறும் ஒன்றைத் தலைப்பே உறுதிசெய்வது வருந்தத்தக்கது. சிங்களத் தலைப்பில் மரணம் இல்லை. இருள் மட்டுமே உண்டு. தமிழில் ‘முழுநிலா இருள்’ என்பது கவிதைப்பாங்கில் இனிக்கிறது. ‘பௌர்ணமி’ இந்தியத் தமிழ். ஈழ வழக்காகிய ‘பூரணை’யைக் கொண்டு ‘பூரணை இருள்’ எனல் நிலத்துக்கும் பொருளுக்கும் இசைவானது. பௌத்த நோன்பைக் குறிக்கும் ‘போயா’ என்னும் சொல் ஈழத்தமிழில் புழங்கினாலும் தலைப்பு அதனைத் தேரவில்லையாதலால் மொழிபெயர்ப்பும் தவிர்க்க வேண்டும்.

முறைப்பெயர்கள் மிக எளியன போலத் தோன்றி ஏமாற்றும். சிங்களத்தில் ‘தாத்தா’ என்பது தந்தை; தமிழகப் பார்வையாளருக்கோ அது பாட்டன். முதிய தந்தையரையுடைய சிங்களப் படங்களைத் துணைத்தலைப்பின் உதவியோடு பார்க்கும் தமிழர் காதில் விழும் சொல்லை நம்பி உறவையே மாற்றிக்கொள்வர். சிங்களத்தின் மற்றொரு தந்தைப்பெயராகிய ‘அப்பச்சி’ செட்டிநாட்டாருக்கு மட்டும் குழப்பம் தராது. ‘கிராம நிலதாரி’யைத் தமிழகத்தின் கிராம நிர்வாக அலுவலர் ஆக்குதலும் தவறு, ஈழத்தில் வழங்கும் ‘கிராம சேவையாளர்’ இருக்கிறது. இழப்பீட்டைச் சிங்களம் ‘வந்தி’ என்னும். ஈழத்தமிழ் ‘நட்டஈடு’ என்னும். நட்டம், ஈடு என்னும் இரு சொற்களும் வணிகக் கணக்கின் மணம் வீசுவன. அம்மணம் இங்கு நீங்காதிருத்தலே நன்று.

இறந்தோர் பொருட்டுப் பிக்குமாருக்கு அளிக்கும் தானத்தைத் ‘திவசம்’ என்றோ, யாழ்ப்பாண வழக்கைத் தழுவி ‘அந்தியேட்டி’ என்றோ பெயர்த்தலும் பொருந்தாது. பௌத்தர் தானத்தால் விளையும் புண்ணியத்தை இறந்தவருக்கு வழங்குகின்றனர். இறந்தவர் என ஒப்புக்கொண்டவருக்கே அது வழங்கற்பாலது. எனவே ‘தானம்’ என்ற சொல்லை அப்படியே நிறுத்தி, அன்னதானத்தோடு மயங்காதவாறு சூழலால் விளக்குதல் தகும்.

யாவற்றினும் இடர் மிக்கது ‘ரணவிரு’. சிங்கள அரசியல் வழக்கில் போர்வீரருக்கு வழங்கும் இப்பெருமைச்சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் ‘மாவீரர்’ என எழுத நேரும். ஈழத்தமிழ் வாசகருக்கு மாவீரர் என்பது மறுபக்கத்தில் இறந்தோரை மட்டுமே குறிக்கும் சொல். வீரச்சாவு, வித்துடல், துயிலும் இல்லம் என ஒரு முழுச் சொற்றொகுதி விடுதலைப்புலிகளின் வழக்கில் அதைச் சூழ உருவாகியிருந்தது. ஒரு சொல்லால் படத்தின் பக்கமே மாறிவிடும். ‘படைவீரர்’ என்ற நொதுமல் சொல் பெருமையை இழப்பினும் குழப்பத்தைத் தவிர்க்கும். இரு தரப்பு மொழியும் சாவுக்குப் பெருமைப்பெயர் சூட்டிய காலத்தில், அப்பெயர்களுள் எதையும் ஏற்காத ஒரு தந்தையை மையத்தில் நிறுத்தியதே இப்படத்தின் துணிவு. அவருடைய பெயரின் முற்பகுதியாகிய ‘வன்னி’ இரு மொழியினரும் தத்தம் நிலத்துக்கு வழங்கும் சொல் என்பதும் கருதத்தக்கது.

தமிழர் எவரும் இப்படத்தில் முதன்மை பெறவில்லை என்ற குறை கூறப்படலாம். அக்குறையில் உண்மை உண்டு. சிங்களச் சிற்றூருக்கு மூடிய பெட்டியேனும் வந்தது. எத்தனையோ தமிழ் வீடுகளுக்கு எதுவும் வரவில்லை. இச்சமமின்மையைப் படம் பேசவில்லை. ஆயினும் அறியாத துயரை அறிந்ததுபோல் காட்டும் படங்களைவிட, தன் ஊரின் எல்லையைத் தாண்டாத இப்படம் நேர்மையானது. விதானகே பின்னர் ‘இர மதியம’ (2003) படத்தில், 1990இல் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் கதையையும், காணாமற்போன விமானியான கணவனைத் தேடும் பெண்ணின் கதையையும் அருகருகே வைத்து இவ்வெல்லையை விரிக்க முயன்றார். விரிவு கிடைத்தது, முன்னதன் செறிவு கிடைக்கவில்லை.

‘புரஹந்த களுவர’ 2000இல் இலங்கைத் திரையரங்குகளுக்கு வரவிடாது அரசால் தடுக்கப்பட்டது. இயக்குநர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2001இல் தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்து படம் திரையிடப்பட்டது. பெட்டியைத் திறக்காதே என்ற கட்டளை ஒருமுறை கதைக்குள்ளும் ஒருமுறை கதைக்கு வெளியிலும் பிறந்ததை மக்கள் கவனித்திருப்பர்.

இறுதிக் காட்சியைத் தமிழில் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. பெட்டிக்குள் இருந்ததை ‘வாழைத்தண்டு’ எனல் ஆகாது. தமிழகத்தில் அது கறிக்கு நறுக்கும் உட்தண்டு. ஈழ வழக்கில் ‘வாழைக்குற்றி’ என்றால் வெட்டப்பட்ட மரத்தின் கனமும் ஈரமும் கண்முன் வரும். சுமந்தோர் தோள் ஏமாந்தமைக்குக் காரணமும் விளங்கும். குற்றி அகப்பட்டதால் மகன் உயிரோடிருக்கிறான் என்றாகாது. அவன் உடல் அனுப்பத்தக்க நிலையில் இல்லாது போயிருக்கலாம். இன்மை மெய்யா பொய்யா என்பதைப் பெட்டி கூறவில்லை. அன்மையை மட்டும் அது மெய்ப்பித்தது. ‘இது என் மகன் அன்று’ என அஃறிணையில் பெயர்த்த மொழிபெயர்ப்பாளருக்கு அவ்விடத்தில் ஒரு சொல்லையும் மாற்றவேண்டிய தேவை இராது.